ஏழு மடிப்புப் பொட்டலம்

என் மேசைமேல் ஒரு பொட்டலம் இருக்கிறது. நேற்றைய நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் சுற்றியது. ஒரு சாண் நீளம். கீழே அகலமாகவும் மேலே கழுத்துபோலக் குறுகியும் இருக்கிறது. பசை இல்லை, குண்டூசி இல்லை, குறுக்கே ஒரே ஒரு சணல் நூல். எதிர் நாற்காலியில் ஆறு வயதுக்காரி ஒருத்தி கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "பிரிங்க ஆன்ட்டி" என்கிறாள். நான் பிரிக்காமல் மடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எதையும் எண்ணிப் பார்த்து வரிசையாக எழுதி வைப்பது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம். ஆனால் இன்று எண்ணுவதற்குக் காரணம் வேறு. இந்த மடிப்பைப் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன். அவர் என் பெரியப்பா. போன வருஷம் காலமாகிவிட்டார்.

பெரியப்பா புதுச்சேரி மூலக்குளத்தில் ஓர் ஒயின் ஷாப்பில் இருபத்தெட்டு வருஷம் சேல்ஸ்மேனாக இருந்தார். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில், "ஒரு கம்பெனியில ஸ்டோர்ஸ் பாத்துக்கறாரு" என்று சொல்லிவிடுவார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே கூடத்தைத் தாண்டிப் போவார். வாசலில் நின்று, "ஆமாமா, லிக்விட் ஸ்டோர்ஸ்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டுவார். தொப்பை, மடித்துக் கட்டிய வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. கேட்டால், "நாள் பூரா அந்த வாடையிலேயே நிக்கிறேன், வூட்டுக்கு வந்தா மோரு போதும்" என்பார். பழைய புதுச்சேரிக்காரர் என்பதற்கு அடையாளமாக, அவர் வாயில் நன்றிக்குப் பதில் "மெர்சி"தான் வரும். பாக்கிச் சில்லறையைக் கொடுக்கும்போதும் மெர்சி, கடையில் தகராறு செய்பவனை வெளியே தள்ளும்போதும் மெர்சி.

வாடிக்கையாளர்களை அவர் பெயரால் அறிய மாட்டார். என்ன வாங்குவார்கள், எந்தக் கிழமை, நின்ற இடத்தில் குடிப்பார்களா, இடுப்பில் செருகிக்கொண்டு போவார்களா என்பதுதான் அவருக்கு அடையாளம். அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. எப்போதும் ரம் வாங்குகிற ஆள் திடீரென்று ஒரு நாள் பிராந்தி குவார்ட்டர் ஒன்றைத் தனியாகக் கேட்டு, கேட்கும்போதே தலையைக் குனிந்தால், அந்த வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள், அல்லது குழந்தை பெற்றிருக்கிறாள். அந்தக் குவார்ட்டருக்கு மட்டும் பெரியப்பா நாளிதழில் ஒரு முழுத் தாளை எடுத்து ஏழு மடிப்பில் சுற்றிக் கொடுப்பார். தெருவில் கொண்டுபோனால் மெடிக்கல் ஷாப் பொட்டலம்போல இருக்கும். பெண்கள் யாரும் கடைக்கு வருவதில்லை. பொட்டலம்தான் அவர்களிடம் போகும்.

இதெல்லாம் எனக்கு வெகுநாள் தெரியாது. நான் படித்து முடித்து, நகரத்தில் குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்றில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாகச் சேர்ந்த முதல் வருஷம் அது. பட்டன் போட, பென்சில் பிடிக்க, ஒரு காரியத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசை தவறாமல் செய்யக் குழந்தைகளைப் பழக்குவது என் வேலை. என்னிடம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். வயதுக்குச் சின்ன உடம்பு, சின்னத் தலை, மெல்லிய மேலுதடு. பிரியமான பிள்ளை. திங்கட்கிழமை ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொள்வாள், கைதட்டுவோம், அவளும் தட்டுவாள். செவ்வாய்க்கிழமை லேஸை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். வயிற்றில் இருக்கும்போது தாய் குடித்த மது காரணமாக இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். ஆனால் தாயின் பழைய படிவத்தில், 'மது அருந்தும் பழக்கம் உண்டா' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது. பழைய படிவங்களைப் போட்டு வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். அத்தனை தாய்மார்களின் படிவத்திலும் 'இல்லை'.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

"கேள்வி சரிதான் பாப்பா. ஆனா யாரை வெச்சிக்கினு கேக்கற? மாமியா பக்கத்துல, புருஷன் கதவாண்ட. எந்தப் பொண்ணு ஆமாங்கும்? அதுவுமில்லாம அதுங்க குடிக்கிறதா நெனைக்கவே இல்ல. உடம்பு வலிக்கு ரெண்டு மூடி. அவ்ளோதான்."

பிறகுதான் பிராந்தி குவார்ட்டர் கதையைச் சொன்னார். என் படிப்பு, என் படிவம், என் பெட்டி எல்லாம் சேர்ந்து கண்டுபிடிக்காததை ஒரு மனிதர் கல்லாவுக்குப் பின்னால் நின்று கண்டுபிடித்து வைத்திருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. உடனே ஒரு யோசனையும் வந்தது. ஒரு துண்டுச் சீட்டு அடித்து, அந்தப் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்பினால்?

"வெச்சா போச்சு" என்றார் பெரியப்பா. "ஓனரு கேட்டா கம்பெனி ஆஃபருன்னுடறேன்."

சீட்டை நான்தான் எழுதினேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. மேலே தாயும் சேயும் படம், கீழே பதினான்கு குறிப்புகள். எடுத்த எடுப்பிலேயே 'குடிக்காதே' என்றால் பயந்துபோய்ச் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள். முதலில் நல்லதாக நாலு வார்த்தை சொல்லி, நம்பிக்கை வந்தபின் விஷயத்துக்கு வர வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஆகவே முதல் மூன்று குறிப்புகள் இரும்புச்சத்து மாத்திரை பற்றியவை. ரத்தம் ஊற இரும்புச்சத்து தேவை. தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்காக எடுக்கக் கூடாது. பிறகு கீரை, பால், நடை, தூக்கம். கர்ப்ப காலத்தில் மது எந்த அளவிலும் பாதுகாப்பானது அல்ல, பிராந்தியும் கள்ளும் வைனும் மதுதான், அது குழந்தையின் வளர்ச்சியையும் மூளையையும் பாதிக்கக்கூடும் என்பது பதினோராவது குறிப்பு. ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியான நேரத்தில் பெரியப்பா எங்கள் மையத்துக்கு வந்து நின்றார். அவர் அங்கே வந்ததே இல்லை. முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். குழந்தைகளின் குட்டி நாற்காலி ஒன்றில், அது தாங்குமா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"பாப்பா, தப்பு நடந்துபோச்சு."

அவருடைய வாடிக்கையாளர்களில் ஒரு பெயின்டர் இருந்தார். மனைவி மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள். நான்கு மாதம் கர்ப்பம். பத்து நாளைக்கு ஒரு முறை, தனக்கு மலிவான ரம்மும் அவளுக்கு நல்ல பிராந்தியுமாக வாங்கிப் போவார். அப்படிப்பட்டவர் இப்போது மூன்று நாளைக்கு ஒரு முறை வர ஆரம்பித்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்குப் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருக்கிறார்: "அண்ணே, நீங்க வெச்ச சீட்டுல இருக்கற மாதிரியே நைட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் தவறாம குடுக்கறேண்ணே. அவ ஒரு நாளு வேணாம்னா. ரத்தம் ஊறணும்னு போட்டிருக்குடி, குடின்னேன்."

பொட்டலம் மெடிக்கல் ஷாப் மாதிரி. உள்ளே தாயும் சேயும் படம் போட்ட சீட்டு. பிராந்தி ரத்தத்துக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. பெயின்டர் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பவர். மூன்றாவது குறிப்போடு நிறுத்திவிட்டார். மாத்திரை என்ற சொல்லை நான் எங்கும் எழுதியிருக்கவில்லை. இரும்புச்சத்து என்று சீட்டு சொன்னது இந்த பாட்டிலைத்தான் என்று அவர் நினைத்ததில் ஒரு குற்றமும் இல்லை. எப்போதாவது குடித்தவளைத் தினமும் குடிக்க வைத்தது என் வரிசை.

மறுநாள் ஞாயிறு. பெரியப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மார்க்கெட்டுக்குப் போனேன். பதினோரு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் தணிந்திருந்தது. ஐஸ் உருகித் தரை முழுக்க ஓடியது. மீன் வெட்டும் பெண்கள் ஆறேழு பேர் அரிவாள்மனைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்தவள், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற கரகரத்த குரல்காரி, எங்களை முதலில் பார்த்துவிட்டாள்.

"அடடே, ஒயின் ஷாப்பே நடந்து வருதுடி! என்னாண்ணே, கடையை இங்க மாத்திட்டீங்களா?"

"உங்காண்ட சைடு டிஷ் இருக்குதே, அதான் வந்தேன்" என்றார் பெரியப்பா. ஆனால் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

பெயின்டரின் மனைவி என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். அக்கா என்றே கூப்பிட்டேன். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுச் சங்கரா மீனை எடுத்து, செதில் உரசி, வயிற்றைக் கீறி, மறுபடி ஐஸுக்குள் கை. விடிகாலை ஐந்து மணியிலிருந்து இதுதான். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். பதினான்கு குறிப்புகளில் ஒன்றை மட்டும். இந்த முறை அதையே முதலில்.

அவள் கை நிற்கவில்லை. அந்த மீனை முடித்தாள். அடுத்த மீனையும் முடித்தாள். பிறகு செதில் ஒட்டிய விரல்களை மடக்கி எண்ணினாள்.

"பதினெட்டு நாளு. முன்னாடியும் கொஞ்சம் கொஞ்சம்" என்றாள். "மசக்கையில இந்த மீன் வாடை பட்டாலே குடலு வாயிக்கு வருது. ரெண்டு மூடி போட்டாத்தான் காலையில இங்க வந்து உக்கார முடியுது. உக்காரலன்னா இந்த எடம் வேற ஆளுக்குப் பூடும்."

"தெரியுதுக்கா."

"என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பட்டியலும் இல்லை. "தெரியாதுக்கா" என்றேன். "எல்லாப் புள்ளைக்கும் பாதிப்பு வராது. உன் புள்ளைக்கு என்ன ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இன்னைக்கு நிறுத்தினா அது புள்ளைக்கு நல்லது. அது மட்டும் நிச்சயமா தெரியும்."

கரகரத்த குரல் குறுக்கே வந்தது. "எங்க மாமியா எனக்கு மூணு புள்ளைக்கும் ஊத்திக் குடுத்திச்சு. எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க."

"ஆமா, உன் ரெண்டாவது பையன் அஞ்சாங்கிளாஸ மூணு வாட்டி படிச்சானே" என்றாள் பக்கத்துப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்காவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது. நான் அவசரமாக, அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், இதுதான் என்று சொல்ல முடியாது என்றேன். அது உண்மையும்கூட. அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு, பெயின்டரின் மனைவியைப் பார்த்து அதட்டினாள்.

"ஏய், எழுந்திரு. தராசாண்ட போயி உக்காரு. ஐஸுல நான் கை வைக்கிறேன். சும்மா உக்காராத, நல்லா கூவி ஆளைக் கூப்புடு."

ஒரு வேலை மாற்றம் அவ்வளவு சுலபமாக நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தராசு மூன்று தப்படி தள்ளி, காற்று வரும் இடத்தில் இருந்தது. அன்றைக்கு அங்கே உட்கார்ந்தவள் பிரசவம்வரை அங்கேயே உட்கார்ந்தாள். என் பங்குக்கு மறுநாளே எல்லோருக்கும் கையுறை கொண்டுபோனேன். உள்ளே பருத்தி, மேலே ரப்பர். முதலில் அதைப் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் டாக்டர் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் எக்ஸ்ட்ரா ஜோடி கேட்டார்கள். அவளை மகப்பேறு டாக்டரிடமும் கூட்டிப்போனேன். மாமியார் வெளியே பெஞ்சில் இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். டாக்டர் திட்டாமல் எழுதிக்கொண்டார். படிவத்தில் 'ஆம்' என்று எழுதப்பட்டதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

பெயின்டரிடம் பேசும் வேலை பெரியப்பாவுடையது. அது இதையெல்லாம்விடக் கடினமாக இருந்ததாம். அந்த மனிதர் கல்லாவுக்கு முன்னால் நின்று கண் கலங்கிவிட்டாராம். ரத்தம், மூளை, வளர்ச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ நான் அவளுக்குன்னு எதுவும் வாங்கிக்கினு போவக் கூடாதாண்ணே?"

எனக்கு இன்றுவரை அந்தக் கேள்வி மறக்கவில்லை. வலிக்கு மருந்து, குளிருக்குச் சூடு, மசக்கைக்குத் தைரியம் என்று நான் போட்ட காரணப் பட்டியலில் அது இல்லவே இல்லை. அந்தப் பொட்டலம் ஒரு பரிசு. நாள் முழுவதும் சுவரில் தொங்கிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, தனக்கு மட்டமானதும் அவளுக்கு உசத்தியானதுமாக ஒரு மனிதர் வாங்கிப்போகிற பரிசு. வேண்டாம் என்று அவள் எப்படிச் சொல்லுவாள்?

பெரியப்பா கல்லாவுக்குக் கீழே குனிந்தாராம். பக்கத்து மளிகைக் கடையில் பேரீச்சம்பழமும் வறுத்த வேர்க்கடலையும் வாங்கி வைத்திருந்தார். அதை நீளமான காகிதக் கூம்பில் கொட்டி, முழுத் தாளை எடுத்து, அதே ஏழு மடிப்பு, அதே கழுத்து, அதே சணல்.

"யாரு கூடாதுன்னா? மடிப்பு அதேதான். உள்ள இருக்கறதுதான் வேற. புடி."

பெயின்டர் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "கனமாத்தான் இருக்குது" என்றாராம். அதன்பின் பெரியப்பா இருந்தவரை சனிக்கிழமை தவறாமல் ஒரு பொட்டலம். வேறு சில பிராந்திக்காரர்களும் மெதுவாகப் பேரீச்சம்பழத்துக்கு மாறினார்கள், சிலர் மாறவில்லை. ஓனர் ஒரு நாள் கல்லாவுக்குக் கீழே எட்டிப் பார்த்து, "யோவ், இது ஒயின் ஷாப்பா, வளைகாப்பு மண்டபமா?" என்று கேட்டாராம். "மெர்சி முதலாளி" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா வேலையைப் பார்த்தாராம். சீட்டையும் நான் மாற்றினேன். இப்போது அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. பெரியப்பா அவளைப் பார்த்ததும், பிரெஞ்சுச் சீமாட்டியை வரவேற்பதுபோல, "வாங்க மதாம்" என்றார். அதுவே கூப்பிடும் பெயராக நின்றுவிட்டது. நான் யாரிடமும் சொல்லாமல் அவளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். தலைச் சுற்றளவு, கவிழ்ந்தது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் சொல். ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சரிபார்த்த பிறகே தேதி போட்டு டிக் அடிப்பேன். பேச்சு கொஞ்சம் தாமதம். வந்தபின் நிற்கவே இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் சில குறைகள் தெரியவரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் நோட்டின் கடைசி வரி மட்டும் காலியாகவே இருந்தது: பல படிகள் கொண்ட ஒரு செயலை, யாரும் சொல்லித் தராமல், வரிசை தவறாமல் நினைவிலிருந்து செய்கிறாளா? அதைச் சோதித்துப் பார்க்கப் பல தடவை நினைத்தேன். விடையைத் தெரிந்துகொள்ளப் பயந்து தள்ளிப்போட்டேன் என்பதுதான் சரி.

பெரியப்பாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். காலமாவதற்குச் சில மாதம் முன், "பாப்பா, பதினோராவதா எழுதினதுக்கு நீ இன்னும் எத்தினி வருஷம் கணக்குப் பாப்ப?" என்று கேட்டார். "நானுந்தான் வெச்சுக் குடுத்தேன். அந்தப் பொண்ணு நம்மள எப்பவோ உட்டுட்டா. நீயும் உடு."

இன்று சனிக்கிழமை. அக்கா மார்க்கெட்டை முடித்துக்கொண்டு மகளோடு வந்திருக்கிறாள். மையத்துக்குள் நுழைந்ததும், "ஆன்ட்டிக்குக் குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கை கழுவப் போயிருக்கிறாள். நான் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஏழு மடிப்பும் இருக்கின்றன.

"யாரு மடிச்சா?"

"நான்தான்."

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. கடைத் தாத்தா அப்பாகிட்ட குடுத்தனுப்புவாருல்ல, அந்தப் பொட்டலத்தை நான்தான் பிரிப்பேன். பிரிச்சா எப்படி மடிக்கறதுன்னு தெரிஞ்சிடும்ல?" இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்க்கிறாள். "பிரிங்க ஆன்ட்டி. பேரீச்சம்பழம்தான். திருப்பி மடிச்சித் தரேன்."

பிரிக்கிறேன். ஆளுக்கு ஒரு பழம் எடுத்துக்கொள்கிறோம். அவள் தாளை மேசைமேல் நீவிவிட்டு, கூம்பை வைத்து, மூலையை எடுக்கிறாள். பேச்சு நிற்கவில்லை: வகுப்பில் ஒருத்தி பல்லை விழுங்கிவிட்டாள், டீச்சர் அழுதாள், அந்தப் பல் இப்போது எங்கே இருக்கும், வயிற்றுக்குள் போன பல் கடிக்குமா? கடிக்காது என்கிறேன். நிச்சயமா என்கிறாள். நிச்சயமாக என்கிறேன். வாய் பாட்டுக்குப் பேச, விரல்கள் தாளைத் திருப்பி, மடக்கி, செருகிக்கொண்டு போகின்றன. அவள் தாளைப் பார்க்கக்கூட இல்லை. என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

"நூலைப் புடிங்க" என்று அவள் என் விரலைப் பிடித்து முடிச்சின்மேல் வைத்து அழுத்தும்போதுதான் தெரிகிறது, மடிப்புகளை நான் எண்ணவே இல்லை என்று.